மடிப்புக் கலையாத சேலைகள்

திருத்தங்கல் அச்சகம் ஒன்றில் வழவழப்பான தாளில் அச்சாகி, இளநீல அட்டையுடன் வெளிவந்த அந்தச் சிறு நூலுக்கு மொத்தம் இருபத்து நான்கு பக்கங்கள். ‘மதிப்பீட்டுக் கொள்கையும் நடைமுறையும்’ என்பது அதன் தலைப்பு. கடைசிப் பக்கத்தின் அடியில் ‘ஆக்கம்: அ. பொன்மணி, மதிப்பீட்டு அலுவலர்’ என்று ஒரு வரி உண்டு. 2006ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் முதல் கட்டு வந்து சேர்ந்த அன்று, பொன்மணி ஒரு படியை வீட்டுக்கு எடுத்துச் சென்று, அந்த வரியைத் தன் கணவன் காளீஸ்வரனிடம் விரல் வைத்துக் காட்டினாள்.

காளீஸ்வரன் அதே அச்சகத்தில் தாள் வெட்டும் இயந்திரத்தில் வேலை பார்ப்பவன். நூலை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, “அட்டைய அம்புட்டையும் வெட்டினது நான். எம் பேரு எங்கன இருக்கு?” என்று கேட்டான்.

“இது வெட்டுறவுக பேரு போடுற புத்தகம் இல்ல. படிக்கிறவுக புத்தகம்” என்றாள் பொன்மணி. சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பின்னாளில் நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு முகம் சுண்டிப்போகும்.

அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. பெற்றோர் கரிசல் காட்டில் பருத்தி எடுத்துக் கூலி வாங்கியவர்கள். மழை பொய்த்தபின் தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போனவர்கள். பொன்மணியும் பள்ளி விடுமுறைகளில் சட்டத்தில் தீக்குச்சி அடுக்கியவள்தான். அவர்கள் தெருவில் பட்டம் பெற்ற முதல் பெண் அவள். பட்டாசுத் தொழிலில் பெயர் பெற்ற ஒரு குடும்பத்தார் நடத்திய செந்தூர்பாண்டி நினைவு அறக்கட்டளையில் தட்டச்சராகச் சேர்ந்து, பன்னிரண்டு ஆண்டுகளில் மதிப்பீட்டு அலுவலர் என்னும் நாற்காலிக்கு வந்திருந்தாள். அந்த நாற்காலியே அவளுக்காகத்தான் உண்டாக்கப்பட்டது.

அறக்கட்டளையின் சேலைத் திட்டமும் அவளால் பிறந்ததே. 2002இல் ஒரு பட்டாசுக் கொட்டகையில் பற்றிய தீயில், அவள் தங்கை அய்யம்மாள் உடுத்தியிருந்த நைலான் சேலை உருகி இடக்கையோடு ஒட்டிக்கொண்டது. நாற்பது நாள் மருத்துவமனையில் தங்கையின் அருகிலேயே இருந்தாள் பொன்மணி. தோலில் புதைந்திருந்த நைலான் இழைகளை மருத்துவர் ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்ததைக் கண்கொட்டாமல் பார்த்தாள். பருத்திச் சேலையாக இருந்திருந்தால் காயம் இந்த அளவுக்குப் போயிருக்காது என்று அவர் சொன்ன சொல்லை மனத்தில் முடிந்துகொண்டு வந்து, நிர்வாக அறங்காவலர் சொர்ணலட்சுமி அம்மாளிடம் சொன்னாள். அந்த அம்மாள் இரண்டாம் பேச்சுப் பேசவில்லை. அடுத்த தை மாதம் முதல், சுற்றியுள்ள ஊர்களில் பட்டாசு வேலைக்குப் போகும் இருநூற்றுப் பன்னிரண்டு பெண்களுக்கு ஆண்டுதோறும் இரண்டிரண்டு பருத்திச் சேலைகள் வழங்கப்பட்டன. அத்துடன், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது.

மூன்று ஆண்டுகள் யாரும் எதையும் அளந்து பார்க்கவில்லை. பிறகு, அறக்கட்டளைச் சேலை நான்கு சிவகாசிக் கடைவீதியில் விற்பனைக்குத் தொங்குவதை அறங்காவலர்களுள் ஒருவரான அய்யாதுரை பார்த்துவிட்டார். “கொடுத்தது என்ன ஆச்சுன்னு பாக்காம கொடுக்கிறது தர்மம் இல்ல, அசட்டுத்தனம்” என்று கூட்டத்தில் சொன்னார். உடனே ஒரு மதிப்பீட்டுக் கொள்கை வேண்டும் என்று முடிவாயிற்று. பொன்மணியை மதுரைக்கு மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். கண்ணால் காணக்கூடியதையும் எண்ணால் எழுதக்கூடியதையும் மட்டுமே அளக்க வேண்டும் என்று அங்கே கற்பித்தார்கள். அவள் அதை அடிக்கோடிட்டுக் குறித்துக்கொண்டாள்.

பட்டாசுக் கம்பெனிக்குள் வெளியாள் நுழைய முடியாது. ஆகவே வேலை நேரத்தில் பெண்கள் எதை உடுத்துகிறார்கள் என்பதைக் காண வழியில்லை. மாலையில் வீடுகளுக்குச் சென்றால் காணக்கூடியது சேலை ஒன்றுதான். சேலை வீட்டில் இருந்தால் விற்கவில்லை என்று பொருள். நல்ல நிலையில் இருந்தால் பேணுகிறார்கள் என்று பொருள். இவ்வாறு படிப்படியாக எண்ணித்தான் அவள் நான்காம் விதியை எழுதினாள். ‘வழங்கப்பட்ட சேலைகள் இரண்டும் கறையின்றியும் கிழிசலின்றியும் ஒட்டின்றியும் இருத்தல் வேண்டும். பத்துக்கு ஐந்துக்குக் குறைவாக மதிப்பெண் பெறும் குடும்பத்திற்கு அடுத்த கல்வியாண்டின் படிப்புதவி நிறுத்தப்படும்.’ யாரும் தன்னை நெருக்கி மதிப்பெண்ணை மாற்றச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக ஒன்பதாம் விதியையும் எழுதினாள். ‘கையொப்பமிட்ட மதிப்பெண்ணை மதிப்பீட்டாளர் திருத்தலாகாது. அறங்காவலர் அனுமதியின்றி எந்த மாற்றமும் செல்லாது.’

2007ஆம் ஆண்டு மே மாதம் முதல் மதிப்பீடு நடந்தது. பொன்மணி தன் மொபெட்டில் ஊர் ஊராகச் சென்றாள். பெண்கள் தகரப் பெட்டியைத் திறந்து, நாளிதழில் சுற்றிய சேலைகளை எடுத்து விரித்துக் காட்டினார்கள். பாச்சை உருண்டை வாசம் குப்பென்று அடித்தது. எவ்வளவு அக்கறையாக வைத்திருக்கிறார்கள் என்று அவள் நெகிழ்ந்துபோனாள். இருநூற்று நான்கு குடும்பங்கள் எட்டுக்கு மேல் பெற்றன. எட்டுக் குடும்பங்களின் சேலைகள் மட்டும் கந்தலாக இருந்தன. அவற்றின் படிப்புதவி நின்றது. ஆண்டு விழாவில் அய்யாதுரை அந்த எண்ணிக்கையைப் படித்தபோது கைதட்டல் எழுந்தது. சொர்ணலட்சுமி அம்மாள் பொன்மணிக்குப் பொன்னாடை போர்த்தினார்.

அடுத்த ஆண்டு அந்த எட்டுக் குடும்பங்களும் மடிப்புக் கலையாத சேலைகளைக் காட்டின. ‘மதிப்பீட்டின் பயன்: எட்டுக் குடும்பங்கள் திருந்தின’ என்று அவள் தன் அறிக்கையில் எழுதினாள். குறைந்த மதிப்பெண் பெற்றது ஒரே ஒரு குடும்பம். அது அவ்வாண்டு தை மாதம்தான் திட்டத்தில் புதிதாகச் சேர்ந்த மாடத்தியின் குடும்பம்.

மாடத்தியின் வீடு விஸ்வநத்தத்தில் இருந்தது. கணவன் இறந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. பொன்மணி போய்ச் சேர்ந்த வேளையில், அவள் வேலை முடிந்து வந்து வாசலில் முழங்கை வரைக்கும் சவுக்காரம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்த பிறகும் கையில் வெள்ளி மினுங்கியது. மத்தாப்பு வகைகளுக்குப் போடும் அலுமினியப் பொடி அது, எளிதில் போகாது.

“சேலைய எடுத்துக் காட்டு மாடத்தி” என்றாள் பொன்மணி.

“எடுத்துக் காட்ட என்னக்கா இருக்கு? ஒண்ணு உடம்புல இருக்கு. ஒண்ணு கொடியில காயுது.”

இரண்டும் ஒரு காலத்தில் மாம்பழ நிறமாக இருந்தவை. இப்போது சாம்பல் பூத்திருந்தன. கொடியில் கிடந்ததன் முந்தானையில் வேறு துணி வைத்துத் தைத்த ஒட்டு ஒன்று இருந்தது.

“நாலு மாசத்துல இப்படி ஆக்கி வச்சிருக்கியே?”

“வெள்ளிப் பொடில்லக்கா. துவைச்சுத் துவைச்சு நூலு விட்டுருச்சு.”

“கொஞ்சம் பத்திரமா வச்சிருக்கப்படாதா?”

மாடத்தி கையைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தாள். “உடுத்தத்தானக்கா குடுத்தீக?”

அந்தக் கேள்வி படிவத்தில் இல்லை. பொன்மணி மடியில் இருந்த படிவத்தை நிரப்பினாள். கறை: உண்டு. கிழிசல்: உண்டு. ஒட்டு: உண்டு. பத்துக்கு இரண்டு.

மாடத்தியின் மகள் எழில் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தவள் அவள். “பதினொண்ணுல உயிரியல் எடுக்கப் போறேன் மேடம். நர்சுக்குப் படிக்கணும்” என்றாள். பொன்மணி தண்ணீரைக் குடித்தாள். இரண்டை ஐந்தாக்கிவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. ‘இரக்கம் மதிப்பீட்டை வளைக்கலாகாது’ என்று கொள்கை நூலின் முதற்பக்கத்தில் எழுதியவளும் அவளே ஆயிற்றே. கையொப்பமிட்டாள்.

எழில் ஐந்நூற்றுக்கு நானூற்று நாற்பத்தேழு வாங்கினாள். சூன் முதல் வாரம் அறக்கட்டளை அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் படிப்புதவி பெறுவோர் பட்டியல் ஒட்டப்பட்டது. அவள் பெயர் அதில் இல்லை. தாயும் மகளும் வந்து பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறையும், கீழிருந்து மேலாக ஒருமுறையும் படித்ததைப் பொன்மணி சன்னல் வழியாகக் கண்டாள். அவர்கள் உள்ளே வரவில்லை. யாரையும் பார்க்க வேண்டும் என்று கேட்கவும் இல்லை. அவர்கள் திரும்பிப் போகும் வரைக்கும் அவள் ஒரே தாளைத் தலை குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்பது இன்றைக்கும் அவளுக்கு நினைவில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை, புதிதாக விண்ணப்பித்திருந்த ஒரு குடும்பத்தைப் பார்ப்பதற்காக அவள் விஸ்வநத்தம் போனாள். மொபெட் பழுதாகிக் கிடந்ததால் முதல் பேருந்தில் போக நேர்ந்தது. அவள் அந்த ஊருக்குக் காலையில் போனது அதுவே முதல் தடவை. அவள் எழுதிய கொள்கையின்படி மதிப்பீட்டு நேரம் எப்போதும் மாலை ஆறு மணிக்குமேல்தான்.

ஊருக்குச் சாலை பிரியும் விலக்கில் கம்பெனி வண்டிக்காக முப்பது பெண்கள் தூக்குவாளிகளோடு நின்றிருந்தார்கள். ஊதா, கிளிப்பச்சை, ரோஜா. இளவெயிலில் சேலைகள் பளபளத்தன. பருத்தி அப்படிப் பளபளப்பதில்லை. ஒட்டுப் போட்ட அந்தச் சாம்பல் நிறச் சேலை ஒன்றைத் தவிர, அங்கே இருந்தவை அனைத்தும் நைலான்.

“யாரு, பொன்மணி மேடமா?” என்றாள் முன்னால் நின்ற மூக்கம்மாள். ஐம்பது வயதைக் கடந்தவள். இரண்டு ஆண்டுகளும் பத்துக்குப் பத்து வாங்கியவள். “குதிரை எங்க? நடந்துல்ல வாரீக.”

“வண்டி மெக்கானிக்குகிட்ட நிக்கிக்கா. என்ன எல்லாரும் இதையா உடுத்தியிருக்கீக? நம்ம குடுத்த காட்டன் எங்க?”

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

“அது பெட்டிக்குள்ள சொகமா இருக்கு” என்றாள் மூக்கம்மாள்.

“பெட்டியிலயா?”

“பின்ன என்ன செய்ய? கம்பெனிக்கு உடுத்திட்டுப் போனா பொடி அப்பிக்கிடும். மே மாசம் நீங்க கண்ணாடிய மாட்டிக்கிட்டு வந்து, பொண்ணு பாக்க வந்தவுக மாதிரி விரிச்சு விரிச்சுப் பாப்பீக. மார்க்கு போச்சுன்னா எம் பேரன் படிப்புல்ல போச்சு. அம்புட்டுத் துணிச்சல் யாருக்கு இருக்கு?”

“எங்க தெருவுல அதுக்குப் பேரே பரிச்சைச் சேலதான்” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“அது உங்க தெருவுல. எங்க தெருவுல பொன்மணிச் சேல” என்று மூக்கம்மாள் திருத்தினாள். இப்போது சிரிப்பை யாரும் அடக்கவில்லை.

சிரிப்பு ஓயும்வரை பொறுத்திருந்து பொன்மணி கேட்டாள். “கம்பெனியில ஒண்ணும் கேக்க மாட்டாகளாக்கா?”

“யாராச்சும் பாக்க வார அன்னைக்குக் கேப்பாக. மேல ஒரு காட்டன் சட்டையப் போட்டுக்கிடுவோம்.”

“முன்னாடியும் இப்படித்தானா? சேலை குடுக்க ஆரம்பிச்ச புதுசுல?”

மூக்கம்மாள் சற்று யோசித்தாள். கேலி அவள் முகத்திலிருந்து இறங்கியது. “இல்ல தாயி. பொய் சொல்லப்படாது. அப்பல்லாம் உடுத்தத்தான் செஞ்சோம். ஒண்ணு ரெண்டு கழுதைக வித்திருக்கும், மத்தவுக உடுத்தினோம். அந்த நீலப் புத்தகம் வந்த பொறவுதான் மடிச்சு வச்சது. மாடத்திக்கும் படிச்சுப் படிச்சுச் சொன்னோம். கேக்கலையே. மார்க்கு வாங்கத் தெரியாத மடச்சி.”

மாடத்தி அதைக் காதில் வாங்காதவள்போலச் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அருகில் எழில் நின்றாள். அவள் கையிலும் தூக்குவாளி இருந்தது.

“எழில், நீ எங்கம்மா?”

“வெடிக்குக் காகிதக் குழாய் சுத்தப் போறேன் மேடம். நாரணாபுரத்துல. மருந்து இல்ல, வெறும் காகிதந்தான்.”

“பள்ளிக்கூடம்?”

“எம் பேரு வரலைல மேடம்.” ஏதோ விலாசம் சொல்வதைப்போல அவள் சொன்னாள், கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் பொன்மணியால் தாங்கிக்கொண்டிருக்க முடியும்.

“வண்டி வந்துருச்சு, ஏறு” என்றாள் மாடத்தி.

அன்று பொன்மணி புதிய விண்ணப்பக்காரரைப் பார்க்கப் போகவில்லை. அலுவலகத்துக்கு வந்து, இரண்டு ஆண்டுப் படிவங்களையும் மேசைமேல் பரப்பினாள். கறை: இல்லை. கிழிசல்: இல்லை. பக்கத்துக்குப் பக்கம் தன் அழகான கையெழுத்து. நன்று என்று அவள் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் பொருள், இந்தப் பெண் நைலான் உடுத்தி வெடிமருந்துக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறாள் என்பதே. தங்கையின் கையிலிருந்து இழை இழையாக உருவி எடுத்த அதே நைலான். பருத்தியை உடுத்துங்கள் என்று கெஞ்சிக் கொடுக்க வைத்தவளே, அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டவும் வைத்திருக்கிறாள். முந்திய ஆண்டுப் படிவங்களைப் புரட்டும்போது, திருந்தியதாக அவள் எழுதிய எட்டுப் பெயர்கள் வந்தன. எட்டுப் பேரும் உடுத்தியவர்கள். அவர்களுக்கும் நிறுத்தியிருக்கிறாள். ஒருவர் முகம்கூட அவளுக்கு நினைவு வரவில்லை.

மறுநாள் சிவகாசியில் சொர்ணலட்சுமி அம்மாளின் வீட்டுக்குப் போனாள். அடுத்த ஆண்டு நாட்காட்டிக்கான மாதிரிப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாள், அவள் முகத்தைக் கண்டதும் அவற்றை ஓரமாக வைத்தார். பொன்மணி நடந்ததைச் சொன்னாள். எழிலைப் பற்றி மட்டும் சொன்னாள். நைலான் சேலைகளைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

“பாவம், நல்லாப் படிக்கிற பிள்ளை” என்றார் சொர்ணலட்சுமி. “ஆனா ஒன்பதாம் விதின்னு ஒண்ணு இருக்கே, நீ எழுதினதுதான். காரணம் இல்லாம மாத்தினா அய்யாதுரை மச்சான் கேப்பாகள்ல?”

“ஆமாம்மா.”

“கூட்டல் பிழைன்னு ஒரு காயிதம் எழுதிக் குடு. எட்டுன்னு போடுறதுக்கு ரெண்டுன்னு விழுந்துருச்சுன்னு. நான் கையெழுத்துப் போடுதேன். பிள்ளை நாளைக்கே பள்ளிக்கூடம் போகட்டும்.”

அந்த அம்மாள் அதை அன்பால்தான் சொன்னார். பொன்மணிக்கும் மூச்சுத் திரும்பி வந்ததுபோல் இருந்தது. எழிலுக்குப் படிப்பு கிடைக்கும். மற்ற இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களுக்கும் ஒன்றும் ஆகாது. நீல அட்டைப் புத்தகத்துக்கும் பொன்னாடைக்கும் பங்கமில்லை. உண்மையைச் சொன்னால், உடுத்தாத சேலை எதற்கு என்று கேட்டு அய்யாதுரை திட்டத்தையே நிறுத்திவிடவும் கூடும். கூட்டல் பிழைக் கடிதத்தை அன்று மாலையே தட்டச்சு செய்து, மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, நல்ல செய்தியைத் தன் வாயால் சொல்வதற்காக விஸ்வநத்தம் போனாள்.

மாடத்தி அடுப்புக்கு முன்னால் இருந்தாள். செய்தியைக் கேட்டதும் உடனே மகிழவில்லை. “என்னன்னுக்கா எழுதியிருக்கீக?” என்று கேட்டாள்.

“மார்க்கைத் தப்பா கூட்டிட்டேன்னு. உன் சேலை ரெண்டும் நல்லாயிருக்கு, எட்டு மார்க்குன்னு.”

“நல்லா இல்லையேக்கா. கந்தலாத்தான கிடக்கு. நீங்களே பாத்தீகல்ல.”

“அதை யாரு வந்து பாக்கப் போறா? எழில் படிக்கணும்ல மாடத்தி.”

“படிக்கணும். உங்க காயிதத்தை வேண்டாம்னு சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. குடுங்க, வாங்கிக்கிடுதேன்.” அவள் விறகை உள்ளே தள்ளினாள். “ஆனா அப்படி எழுதினா, நானும் பெட்டியில வச்சிருந்தவன்னுதான் அர்த்தம். எங்க சித்தி வெந்து போனவ. அதைப் பாத்துட்டுத்தான் நான் இதை ஒரு நாளும் மறக்காம உடுத்தினேன். உடுத்தினதுக்கு ரெண்டு மார்க்கு. உடுத்தலைன்னு சொன்னா எட்டு மார்க்கு. என்ன கணக்குக்கா இது? இந்த ஊர்ல ஒருத்தராவது அதைக் கேக்க மாட்டாகளா?”

பொன்மணி கைப்பையைத் திறக்கவில்லை. வெளியில் வந்து பேருந்துக்குக் காத்திருந்தபோது, அவள் காது மடல்கள் கொதித்தன. அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவள் அவளே அல்லவா? ஊதியம் வாங்குவது அதற்குத்தானே? அதைக் கேட்காமல் இருப்பதற்கு ஒரு கூட்டல் பிழையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். வாழ்க்கையில் ஒருநாளும் கூட்டலில் பிழை செய்யாதவள்.

அன்றிரவே கடிதத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதினாள். நான்கு வரிகள்தாம். ‘நான் செய்த மதிப்பீடுகள் இரண்டும் தவறானவை. நல்ல நிலையில் உள்ளனவாக நான் குறித்த சேலைகள் உடுத்தப்படாதவை. நான் எழுதிய நான்காம் விதியே அவற்றை உடுத்தவிடாமல் செய்தது. உடுத்திய ஒன்பது குடும்பங்களை நான் தண்டித்திருக்கிறேன்.’

சொர்ணலட்சுமி அம்மாள் அதை இரண்டு முறை படித்தார். பின்னர், சூலை முதல் வாரத்தில் அறங்காவலர் கூட்டத்தைக் கூட்டினார். பொன்மணியை எழுந்து நின்று படிக்கச் சொன்னார்கள். அவள் நான்கு வரிகளையும் படித்து முடித்தாள். ஆண்டறிக்கை அச்சாகி ஊரெல்லாம் போய்விட்டதே என்றார் ஒருவர்.

“உடுத்தாத சேலைய ஏன் குடுக்கணும்? நிறுத்திப்புடலாம்” என்றார் அய்யாதுரை, அவள் அஞ்சியபடியே.

“நிறுத்துங்கய்யா, வேண்டாங்கல. ஆனா முதல்ல விதிய நிறுத்துங்க. சேலை என்ன தப்புப் பண்ணுச்சு? நாந்தான் பண்ணினேன்” என்றாள் பொன்மணி. “எந் தங்கச்சி கையப் பாத்துட்டு வந்துதான் உங்ககிட்டச் சேலை கேட்டேன். அவ கையவே நான் மறந்துட்டேன். மார்க்குப் போடுறதுல மறந்துட்டேன்.”

அய்யாதுரை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் அந்தக் கைதட்டல் நினைவுக்கு வந்திருக்கலாம். இரண்டு மணி நேரம் பேசிய பிறகு, நான்காம் விதி நீக்கப்பட்டது. சேலைக்கும் பிள்ளை படிப்புக்கும் இருந்த முடிச்சு அவிழ்க்கப்பட்டது. இனி மதிப்பீட்டாளர் வீட்டுப் பெட்டியைத் திறக்கச் சொல்லக் கூடாது. கம்பெனி வண்டி வரும் வேளையில், முன்னறிவிப்பின்றி, ஊர் விலக்கில் போய் நின்று பார்க்க வேண்டும். நிறுத்தப்பட்ட ஒன்பது பிள்ளைகளின் படிப்புதவியும் திருப்பித் தரப்பட்டது.

திருப்பித் தரப்பட்டது என்று எழுதுவது எளிது. அந்த எட்டு வீடுகளுக்கும் பொன்மணி தானே நடந்து போனாள். ஐந்து வீடுகளில் பிள்ளைகள் எப்படியோ படிப்பைத் தொடர்ந்திருந்தார்கள். இரண்டு வீடுகளில் மறுபடியும் அனுப்ப இசைந்தார்கள். எட்டாவது வீட்டுப் பெண்ணுக்கு வைகாசியில் திருமணம் முடிந்திருந்தது. அவள் தகப்பன் சீனிச்சாமி கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “இதை அவ மாமியா வீட்டுக்குத்தான் அனுப்பணும்” என்று சொல்லி, அவளுக்குக் காப்பி கொடுத்தார். அந்தக் காப்பியை அவள் குடித்து முடித்தாள். குடிக்காமல் எழுந்திருக்க அவளுக்கு உரிமையில்லை என்று தோன்றியது.

எழில் சூலை நடுவில் பள்ளியில் சேர்ந்தாள். உயிரியல் பிரிவில் இடங்கள் நிரம்பி ஒரு மாதம் ஆகியிருந்தது. தலைமை ஆசிரியையின் அறைவாசலில் பொன்மணி இரண்டு நாள் நின்று பார்த்தாள், பயனில்லை. வணிகவியலில் ஓரிடம் கிடைத்தது. செவிலியர் படிப்புக்கு அது உதவாது என்பது பொன்மணிக்கும் தாய்க்கும் மகளுக்கும் தெரியும்.

புதிய விதிகளோடு புத்தகம் மறுபடியும் அச்சாயிற்று. கடைசிப் பக்கத்திலிருந்து தன் பெயரை எடுத்துவிடும்படி பொன்மணி கேட்டுக்கொண்டாள். சொர்ணலட்சுமி அம்மாள் மறுத்துவிட்டார். “இருக்கட்டும். நல்லா இருந்தப்ப போட்டுக்கிட்டேல்ல?” என்றார். அதைக் கடிந்து சொல்லவில்லை. இம்முறையும் அட்டையைக் காளீஸ்வரன்தான் வெட்டினான். இம்முறை அவன் வேடிக்கையாக ஒன்றும் கேட்கவில்லை.

2009ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு காலை. விஸ்வநத்தம் விலக்கில் காற்று புழுதியை வாரி இறைத்தது. பொன்மணி சாலையோரம் நின்றிருந்தாள். முப்பது பெண்களுள் இருபத்திரண்டு பேர் பருத்தியில் இருந்தார்கள். சாம்பல் பூத்த, நூல் விட்ட, ஒட்டுப் போட்ட சேலைகள். எட்டுப் பேர் இன்னும் நைலானில்தான் நின்றார்கள். அவள் அதையும் அப்படியே குறித்துக்கொண்டாள்.

“ஏ பொன்மணி, எனக்கு எம்புட்டு?” என்றாள் மூக்கம்மாள், பொடி படிந்த முந்தானையை விரித்துக் காட்டி.

“இப்ப மார்க்கு இல்லக்கா.”

“அப்ப எதுக்கு இங்கன வந்து காத்துல நிக்க?”

“பாத்துட்டுப் போகத்தான்.”

“பாரு, பாரு. நல்லாப் பாரு. பேரு மட்டும் மாறலடி தாயி, இன்னும் அது பொன்மணிச் சேலதான்.”

எல்லாரும் சிரித்தார்கள். மாடத்தியும் சிரித்தாள். அப்போது பள்ளிச் சீருடையில் எழில் சாலையைக் கடந்து, பேருந்துக்காக எதிர்ப்புறம் வந்து நின்றாள். பொன்மணியைக் கண்டதும் கையிலிருந்த புத்தகத்தை உயர்த்திக் காட்டினாள்.

“கணக்குப் பதிவியல் நல்லாத்தான் இருக்கு மேடம். நூத்துக்குத் தொண்ணூத்தாறு” என்று காற்றுக்கு மேலே குரல் கொடுத்தாள்.

பொன்மணி தலையசைத்தாள். தொண்ணூற்றாறு என்பது நல்ல மதிப்பெண். அந்தப் பெண்ணின் முகத்தை நேரே பார்த்து அதைச் சொல்ல வேண்டும் என்றுதான் அவள் நிமிர்ந்தாள். அதற்குள் பேருந்து நடுவில் வந்து நின்றுவிட்டது. அது வந்ததில் தனக்கு உண்டான நிம்மதியை நினைத்துக் கூசி, பேருந்து போன பிறகும் அவள் வெகுநேரம் குறிப்பேட்டைப் பார்த்தபடியே நின்றாள்.